போலந்தின் கத்தோலிக்கம்: கிராக்கோவில் குடியிருந்து கற்றவை

கிராக்கோவ் நகரில் வீடு பிடித்துக் குடியேறும் நம்மவர்களிடம் நான் முதலில் வாங்கச் சொல்வது ஒரு சுவர் நாட்காட்டியைத்தான். 2018இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய கடைகள் அடைத்தே இருக்கும். தொழிற்சங்கம் முன்னெடுக்க, ஆயர்கள் ஆதரிக்க வந்த சட்டம் அது. சனிக்கிழமை மாலைக்குள் பாலும் காய்கறியும் வாங்கி வைக்காதவர்கள், உரிமையாளரே கல்லாவில் நிற்கும் தெருமுனைக் கடையையோ பெட்ரோல் பங்கையோதான் நம்ப வேண்டியிருக்கும். ஜனவரி 6 மூன்று அரசர்கள் திருவிழா, கிறிஸ்துவின் திருவுடல் திருவிழா வரும் வியாழன், ஆகஸ்ட் 15, நவம்பர் 1 எல்லாம் அரசு விடுமுறை நாள்கள். 2025 முதல் டிசம்பர் 24உம் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. தூத்துக்குடிப் பக்கம் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு வியப்பளித்தது வேறொன்று: இவ்வளவு விடுமுறை விடும் நாட்டில் பெரிய வெள்ளி வழக்கமான வேலை நாள். அன்று மூன்று மணிக்குச் சிலுவைப்பாதைக்குப் போக விரும்புகிறவர்கள் முன்கூட்டியே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

இந்த நாட்காட்டியில் சில நாள்களுக்கு இரட்டை முகம் உண்டு. மே 3, 1791ஆம் ஆண்டின் அரசியலமைப்பை நினைவுகூரும் நாள். அதுவே 'போலந்தின் அரசி'யாகிய மாதாவின் திருவிழாவும் ஆகும். ஆகஸ்ட் 15 விண்ணேற்பு மாதா திருவிழா. 1920இல் வார்சாவின் வாசல்வரை வந்துவிட்ட சோவியத் படையைத் திருப்பியடித்த வெற்றியைக் கொண்டாடும் இராணுவ நாளும் அதுவே. ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றமும் மாதா திருப்பலியும் ஒரே காலையில் வருவது நமக்கும் பழக்கம்தான் என்றாலும், நம் ஊரில் அதைத் தற்செயல் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். இங்கே அந்த வெற்றிக்கே 'விஸ்துலா நதிக்கரை அற்புதம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாட்டின் கதையையும் திருச்சபையின் கதையையும் இவர்கள் ஒரே நூலாகத் திரித்து வைத்திருப்பதை ஓரளவாவது விளங்கிக்கொள்ளாதவருக்கு, அலுவலகத்தில் உடன் வேலை செய்பவரின் பேச்சில் பாதி புரியாது.

கதையின் தொடக்கத்தைப் பள்ளிப் பிள்ளைகளும் ஒப்பிப்பார்கள். 966இல் மியெஷ்கோ என்ற சிற்றரசன் ஞானஸ்நானம் பெற்றான். நாட்டின் பிறப்பையே அந்த ஆண்டிலிருந்துதான் எண்ணுகிறார்கள். செக் இளவரசியை மணந்து, ஜெர்மானியர்களின் கையை எதிர்பாராமல் கிறிஸ்தவத்தை ஏற்றுக்கொண்டதில் அவனுடைய அரசியல் கணக்கும் இருந்தது. ஆயிரமாவது ஆண்டில் க்னியெஸ்னோவில் தனிப் பேராயர் பீடம் அமைந்தபின், போலந்தின் திருச்சபை ஜெர்மானியப் பேராயர்களை நம்பியிருக்க வேண்டிய நிலை நீங்கியது. அங்குள்ள பேராலயத்தின் 12ஆம் நூற்றாண்டு வெண்கலக் கதவுகளில், 997இல் கொல்லப்பட்ட மறைசாட்சி வொய்ச்செக்கின் வாழ்க்கை 18 பலகைகளில் வார்க்கப்பட்டுள்ளது. போஸ்னான் பக்கம் போகிறவர்கள் அதைப் பார்க்காமல் திரும்பக் கூடாது.

'போலந்துக்காரர் என்றால் கத்தோலிக்கர்' என்ற சமன்பாடு ஆதிகாலம் தொட்டு வருவதாக இங்கே பலர் பேசுவார்கள். அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். 1573இல் வார்சாவில் கூடிய பிரபுக்கள், மதத்தின் பெயரால் ஒருவரை ஒருவர் துன்புறுத்துவதில்லை என்று எழுத்தில் உறுதி செய்துகொண்டார்கள். ஐரோப்பாவின் பிற பகுதிகளில் மதப்போர் மூண்டிருந்த காலம் அது. லூத்தரன், கிழக்கு ஆர்த்தடாக்ஸ், யூதர், இஸ்லாமியத் தாத்தாரியர் என எல்லோரும் வாழ்ந்த நாடு இது. 1939க்கு முன்பு மக்கள்தொகையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கினர் யூதர்கள். அவர்களை நாஜிகள் கொன்றொழித்தார்கள். போருக்குப் பின் எல்லைகள் மேற்கு நோக்கி நகர்த்தப்பட்டு, உக்ரேனியரும் ஜெர்மானியரும் பெயர்க்கப்பட்டார்கள். ஒரே மதத்தார் நாடாக இது தோற்றமளிப்பது அதற்குப் பிறகுதான். கிராக்கோவின் கஷிமியெஷ் பகுதியில் பழைய தொழுகைக்கூடங்களும் கத்தோலிக்க ஆலயங்களும் நடந்துபோகும் தொலைவில் நிற்கின்றன. நகருக்கு யார் வந்தாலும், வாவெல் கோட்டைக் குன்றுக்கு முன்பே நான் அங்கே அழைத்துச் செல்வேன்.

ஆனாலும் அந்தச் சமன்பாட்டுக்கு வலு சேர்த்த ஒரு காலம் உண்டு. 1772, 1793, 1795 என மூன்று தவணைகளில் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்றும் போலந்தைப் பங்குபோட்டுக்கொண்டன. அதன்பின் 123 ஆண்டுகள், 1918 வரை, வரைபடத்தில் போலந்து என்ற நாடே கிடையாது. அரசன் இல்லை, நாடாளுமன்றம் இல்லை. பல இடங்களில் பள்ளியில்கூடத் தாய்மொழி இல்லை. கிழக்கே ஆண்ட ரஷ்யர் ஆர்த்தடாக்ஸ் சபையினர், மேற்கே ஆண்ட பிரஷ்யர் புராட்டஸ்டன்ட். ஆகவே போலிஷ் மொழியில் வாய்விட்டுச் செபிக்கவும் பாடவும் கூடிய பொது இடமாக எஞ்சியது பங்குக் கோயில்தான். 1901இல் விஷெஷ்னியா என்ற சிற்றூரில், மறைக்கல்வி வகுப்பில் ஜெர்மன் மொழியில் பதில் சொல்ல மறுத்த பிள்ளைகளுக்குப் பிரம்படி விழுந்தது. வாவெல் குன்றில் அரசர்கள் அடக்கமான பேராலயத்தையும், ஊர்தோறும் ஆலயச் சுவரில் பதித்திருக்கும் நினைவுக் கற்களையும் இந்தப் பின்னணியோடுதான் பார்க்க வேண்டும். போரில் இறந்தவர், சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டவர், 1940இல் சோவியத் காவல்துறை கத்தினில் சுட்டுக்கொன்ற அதிகாரிகள் என எல்லோருடைய பெயரும் அங்கே இருக்கும். ஆலயத்துக்குள் போனால் பீடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், பக்கச் சுவர்களைக் கொஞ்ச நேரம் படியுங்கள். அருங்காட்சியகத்துக்குப் போன பலன் அங்கேயே கிடைத்துவிடும்.

கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தை நான் தெரிந்துகொண்டது புத்தகங்களிலிருந்து மட்டும் அன்று; எங்கள் வீட்டுக்கார அம்மையாரிடமிருந்தும்தான். போலந்துத் திருச்சபையின் தலைவரான கர்தினால் ஸ்டெஃபான் விஷின்ஸ்கியை 1953 முதல் 1956 வரை அரசு காவலில் வைத்திருந்தது. 966இன் ஆயிரமாம் ஆண்டு நிறைவுக்கு நாட்டையே தயார்படுத்தத் திட்டமிட்ட அவர், செஸ்டகோவா ஊர் மடத்திலுள்ள மாதா படத்தின் நகல் ஒன்றைப் பங்குதோறும் பவனியாக அனுப்பி வைத்தார். 1966இல் அரசு அந்தப் படத்தைப் பறித்து, மீண்டும் வெளியே கொண்டுபோகக் கூடாது என்று மடத்திலேயே முடக்கிவிட்டது. பவனி நிற்கவில்லை. படம் இல்லாத வெறும் சட்டகத்தையும் ஒரு மெழுகுவர்த்தியையும் ஊர் ஊராகக் கொண்டு சென்றார்கள். அந்தச் சட்டகம் தங்கள் கிராமத்துக்கு வந்தபோது வீட்டுக்கார அம்மையார் புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கும் வயதுச் சிறுமி. படம் இருந்திருந்தால் இவ்வளவு கூட்டம் வந்திருக்காது என்று தன் தந்தை சொன்னதை இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்.

நகரத்தின் கிழக்குப் பகுதியில் உள்ள நோவா ஹூத்தாவுக்கு டிராம் ஏறிப் போய்வர அரை நாள் ஒதுக்குங்கள். உருக்காலைத் தொழிலாளர்களுக்காக 1949இல் கட்டத் தொடங்கிய இந்த நகரியம், ஆலயமே இல்லாத சோஷலிச நகரமாக வகுக்கப்பட்டது. 1960 ஏப்ரலில், ஆலயத்துக்கென்று நட்டிருந்த சிலுவையை அகற்ற ஆட்கள் வந்தபோது, முதலில் பெண்கள் கூடித் தடுத்தார்கள். அன்று மாலைக்குள் காவல்துறைக்கும் தொழிலாளர்களுக்கும் இடையே தெருச்சண்டையே மூண்டது. பல ஆண்டு இழுபறிக்குப் பின், பெரும்பாலும் தன்னார்வலர்களின் உழைப்பில் எழுந்த 'ஆண்டவரின் பேழை' ஆலயத்தை 1977இல் கர்தினால் கரோல் வொய்த்திவா அபிஷேகம் செய்தார். கப்பல் வடிவிலான அந்தக் கட்டடத்தின் வெளிச்சுவர் முழுவதும் ஆற்றுக் கூழாங்கற்கள். பல ஊர்களிலிருந்து மக்கள் திரட்டி அனுப்பியவை. கையால் தடவிப் பார்த்தால், முட்டை அளவும் நெல்லிக்காய் அளவுமாக ஒன்றுபோல் ஒன்றில்லாமல் நெருக்கிப் பதித்திருப்பது தெரியும். கோட்டைப் பேராலயத்தைவிட எனக்குப் பிடித்த ஆலயம் இதுதான்.

அடுத்த ஆண்டே, 1978 அக்டோபரில், அந்தக் கர்தினால் இரண்டாம் யோவான் பவுல் என்ற பெயரில் திருத்தந்தை ஆனார். 1979 ஜூனில் அவர் தாய்நாட்டுக்கு வந்தபோது வார்சாவின் வெற்றிச் சதுக்கத்திலும் கிராக்கோவின் புல்வெளியிலும் இலட்சக்கணக்கில் கூடியவர்கள், தாங்கள் எத்தனை பேர் என்பதை முதன்முறையாகக் கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். ஓராண்டு கழித்து க்டான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது வாயிற்கதவில் அவருடைய படம் தொங்கியது. அங்கே பிறந்த 'சாலிடாரிட்டி' சங்கத்தின் தலைவர் லெக் வலேசா, திருத்தந்தையின் படம் பொறித்த பெரிய பேனாவால்தான் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். சங்கத்துக்கு ஆதரவாகத் தாய்நாட்டுக்கான திருப்பலிகளை நிறைவேற்றிய இளம் குரு யெர்ஷி பொப்பியெவுஷ்கோவை 1984இல் பாதுகாப்புத் துறை அதிகாரிகள் கடத்திக் கொன்றார்கள். அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு இவை சொந்த வாழ்க்கையின் நிகழ்ச்சிகள். 1986 பிப்ரவரியில் திருத்தந்தை சென்னைக்கு வந்தபோது என் தாயார் நேரில் பார்த்தார் என்று சொன்ன நாளிலிருந்து, எங்கள் வீட்டுக்கார அம்மையார் எங்களை வாடகைக்காரராக நடத்தும் தோரணையை விட்டுவிட்டார். அதே திருத்தந்தையைப் பற்றி அவருடைய பேத்தியின் தலைமுறை கேலிப் படங்கள் போட்டுச் சிரிக்கிறது. இரண்டு பேரும் ஒரே மேசையில் இருக்கும்போது அந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பதே நல்லது.

செஸ்டகோவாவுக்கு கிராக்கோவிலிருந்து காலையில் ரயிலேறினால் மாலையில் திரும்பிவிடலாம்; ஆனால் ஓர் இரவு தங்கும்படி திட்டமிடுவது நல்லது. யஸ்னா கூரா என்ற குன்றின்மேல் பவுலின் சபைத் துறவியரின் மடம் 1382 முதல் இருக்கிறது. கருநிற மாதாவின் வலக் கன்னத்தில் உள்ள வெட்டுத் தழும்புகள் 1430இல் நடந்த கொள்ளையின்போது ஏற்பட்டவை. படத்தை வெள்ளித் திரை ஒன்று மூடியிருக்கும். எக்காளம் முழங்க அது மெல்ல உயரும்போது சிற்றாலயத்தில் இருக்கும் அத்தனை பேரும் முழங்காலிட்டுவிடுவார்கள். வேடிக்கை பார்க்க வந்தவராக இருந்தாலும் அந்த நேரத்தில் கைப்பேசியை உயர்த்திக்கொண்டு நிற்காதீர்கள். இரவு 9 மணிக்கு நடக்கும் செபவழிபாட்டுக்கு உள்ளூர்க்காரர்களே அதிகம் வருவார்கள்; நான் தங்கச் சொல்வது அதற்காகத்தான். 1655இல் சுவீடன் படை இம்மடத்தை நாற்பது நாள் முற்றுகையிட்டும் பிடிக்க முடியாமல் பின்வாங்கிய கதையை வழிகாட்டிகள் உணர்ச்சி பொங்கச் சொல்வார்கள். போர்க்கணக்கில் அது சிறிய சண்டைதான். ஆனால் மறு ஆண்டே மன்னர் யான் கஷிமியெஷ் மாதாவை நாட்டின் அரசியாக அறிவித்து நேர்ந்துகொண்டதற்கும், நாடிழந்த காலத்து நாவல்கள் அதைக் காவியமாக்கியதற்கும் அந்தச் சண்டையே போதுமானதாக இருந்தது. ஆகஸ்ட் முதல் இரண்டு வாரங்களில் நாடெங்கிலுமிருந்து நடைபயணிகள் பாட்டும் செபமாலையுமாக வந்து சேருவார்கள். வார்சாவிலிருந்து புறப்படும் நடைபயணம் 1711 முதல் நடந்துவருகிறது. வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடந்தவர்களுக்கு இதில் அந்நியமாக எதுவும் தோன்றாது. கிராக்கோவ் குழுவோடு நான் நடந்திருக்கிறேன். புதுக் காலணியோடு வந்தவர்கள் எல்லோரும் இரண்டாம் நாளே மருத்துவ வேனில் கொப்புளத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டார்கள்.

வீட்டுக்குள் நடப்பவற்றில் முதலிடம் டிசம்பர் 24 இரவு விருந்துக்கு. யாராவது அழைத்தால் தட்டாமல் போங்கள். அன்று ஒருவர் தனியாக இருக்கக் கூடாது என்பதில் இவர்கள் மிகவும் உறுதியானவர்கள். எதிர்பாராமல் வரும் விருந்தாளிக்கென்று ஒரு தட்டு கூடுதலாகவே வைத்திருப்பார்கள். மேசைவிரிப்பின் அடியில் ஒரு பிடி வைக்கோல் இருக்கும். முதல் நட்சத்திரம் தெரிந்ததா என்று பிள்ளைகள் சன்னலில் நின்று பார்த்துச் சொன்னபின் குடும்பத் தலைவர் நற்செய்தியிலிருந்து பிறப்பு நிகழ்ச்சியை வாசிப்பார். பிறகு ஒவ்வொருவர் கையிலும் ஓர் அப்பத்தகடு. நற்கருணை அப்பம்போல மெல்லியது, ஆனால் மந்திரிக்கப்பட்ட நற்கருணை அன்று. நீள்சதுரமானது, குடில் காட்சி அழுத்திப் பதித்தது. ஒருவர் மற்றவரின் தகட்டில் ஒரு துணுக்கு கிள்ளி வாயிலிட்டுக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்து வாழ்த்துச் சொல்ல வேண்டும். 'விழா வாழ்த்துகள்' என்று பொதுப்படையாகச் சொல்லி நகர்ந்துவிட முடியாது. மாமியாரின் முழங்கால் அறுவைச் சிகிச்சை, பேரனின் தேர்வு, மகளின் வேலை என்று ஆளுக்கேற்றபடி சொல்கிறார்கள். வருடம் முழுவதும் பேசாதவர்கள் அப்போது கண் கலங்குவதும் உண்டு. ஆகவே போகும் முன்பே யார் யார் வருவார்கள், அவர்கள் பாடு என்ன என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. விருந்தில் இறைச்சி கிடையாது. இறைச்சியைத் தவிர்ப்பது கட்டாயம் இல்லை என்று ஆயர்கள் 2003இலேயே அறிவித்துவிட்டபோதும், யாரும் வழக்கத்தை மாற்றியதாகத் தெரியவில்லை. பீட்ரூட் சாறு, காளானும் புளித்த முட்டைக்கோசும் அடைத்த கொழுக்கட்டை, கெண்டை மீன், கசகசா கேக் எனப் பன்னிரண்டு வகை. மரக்கறி உண்பவர்கள் மீனைத் தவிர்த்துவிட்டால் போலந்தில் வயிறார உண்ணக்கூடிய விருந்து இதுதான். நாம் கொண்டுபோவது பிரியாணியாக மட்டும் இருந்துவிடக் கூடாது.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் பங்குக் குருவானவர் வீடு சந்திக்க வருவார். வெள்ளை விரிப்பு, பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் அறையுண்ட இயேசுவின் உருவம்), இரண்டு மெழுகுவர்த்தி, ஒரு தட்டில் தீர்த்தம், ஓர் உறைக்குள் காணிக்கை ஆகியவை மேசைமேல் தயாராக இருக்க வேண்டும். மந்திரித்து முடித்தபின் கதவின் மேல் சுண்ணக்கட்டியால் மூன்று அரசர்களின் முதலெழுத்துகளும் ஆண்டும் எழுதப்படும். இப்போது பல பங்குகளில் அழைத்தவர் வீட்டுக்கு மட்டுமே வருகிறார்கள். எனவே அறிவிப்பைப் பார்த்துப் பெயர் கொடுக்க வேண்டும். பாவசங்கீர்த்தனம் (குருவானவரிடம் பாவ அறிக்கை செய்வது) திருப்பலி நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு மூலையில் நடக்கும். முடிந்தது என்பதற்குக் குருவானவர் மரத்தட்டியில் 'டக், டக்' என்று தட்டுவார். அதற்கு முன் எழுந்துவிடாதீர்கள்.

நவம்பர் 1 அன்று சொந்தக் கார் எடுக்க வேண்டாம். கிராக்கோவின் ரகோவீட்ஸ்கி கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் சாலைகள் அடைக்கப்பட்டு, சிறப்புப் பேருந்துகள் ஓடும். வாசலில் செவ்வந்திப் பூந்தொட்டிகளும் கண்ணாடிக் கூண்டு விளக்குகளும், 'துருக்கித் தேன்' என்ற பெயரில் கொட்டைப் பருப்பு போட்டு உடைத்து விற்கும் சர்க்கரைப் பாகு மிட்டாயும் இருக்கும். நம் கல்லறைத் திருநாள் நவம்பர் 2. இவர்களுக்கு முதல் நாளே எல்லாம் முடிந்துவிடுகிறது. கோயில் பக்கமே தலைவைக்காத என் அலுவலக நண்பர்கள் அன்று நானூறு கிலோமீட்டர் பயணம் செய்து பாட்டனார் கல்லறையைத் துடைத்து விளக்கேற்றுகிறார்கள்.

நம்பிக்கையும் வழக்கமும் இப்படிப் பிரிந்து நிற்பதைப் புள்ளிவிவரமும் காட்டுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம்மைக் கத்தோலிக்கர் என்றவர்கள் சுமார் 88 விழுக்காடு. 2021இல் அது 71ஆகக் குறைந்தது. ஞாயிறு திருப்பலிக்கு வருகிறவர்கள், வர வேண்டியவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. குருக்கள் சிலர் சிறாரிடம் இழைத்த குற்றங்களை மேலிடம் மறைத்தது வெளியானதும், கருக்கலைப்பை ஏறத்தாழ முழுமையாகத் தடைசெய்த 2020 அக்டோபர் தீர்ப்பும் இளையோரைக் கொதிக்க வைத்தன. அந்த இலையுதிர்காலப் போராட்டங்கள் ஆலயங்களின் வாசலிலும் நடந்தன. ஒடுக்கப்பட்ட காலத்தில் சேர்த்த மதிப்பைத் திருச்சபை அதிகாரத்துக்கு அருகில் நின்ற காலத்தில் செலவழித்துவிட்டது என்பது என் கருத்து. வீட்டுக்கார அம்மையார் இதை ஒப்பமாட்டார். 'நீங்கள் கோயிலுக்குப் போவீர்களா?' என்று இங்கே யாரிடமும் நேராகக் கேட்காதீர்கள். அது அரசியல் கேள்வியாகிவிட்டது. 'பண்டிகைக்கு ஊருக்குப் போகிறீர்களா?' என்று கேட்டால் மற்றதை அவர்களே சொல்வார்கள்.

பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு ஒரு காரியம் மிக முக்கியம். பள்ளியில் மறைக்கல்வி 1990இல் திரும்ப வந்தது; 2025 செப்டம்பரிலிருந்து வாரம் ஒரு மணிநேரம்தான். பெற்றோர் எழுதிக் கொடுத்தால்தான் பிள்ளை அந்த வகுப்பில் சேரும். வேண்டாதவர்கள் நன்னெறி வகுப்பு கேட்கலாம். மூன்றாம் வகுப்பில், மே மாதத்தில், புதுநன்மை. எங்கள் மகளுக்குப் பங்கு அலுவலகத்தில் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டார்கள். ஊரிலிருந்து கிளம்பும்போதே கையோடு எடுத்து வந்திருந்ததால் அலைச்சல் மிச்சமானது. புதுநன்மை விருந்துக்கு உணவகத்தில் இடம் வேண்டுமானால் முந்தைய ஆண்டே சொல்லி வைக்க வேண்டும். பரிசாகக் கைக்கடிகாரமும் சைக்கிளும் கொடுத்த காலம் போய், ஞானப் பெற்றோர் இப்போது டேப்லெட் வாங்குகிறார்கள். பெற்றோர் கூட்டத்தில் இதைப் பற்றியே ஒரு மணிநேரம் சண்டை நடந்தது. கடைசியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரியான வெள்ளை அங்கி தைப்பது என்பதில் மட்டும் உடன்பாடு ஏற்பட்டது. அதற்கான அளவைப் பிப்ரவரிக்குள் கொடுத்துவிட வேண்டும்.